மூன்று துளைகளும் ஒரு குப்பியும்

1735-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்கு 11 வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். தொடை இடுக்கில் குடலிறக்கம். அங்கே ஆறாத புண் ஒன்று, அதன் வழியே மலம் கசிந்துகொண்டிருந்தது. மன்னர் இரண்டாம் ஜார்ஜின் அறுவை மருத்துவரான க்ளாடியஸ் ஆம்யாண்ட் கத்தியை எடுத்தார். மயக்க மருந்து வர இன்னும் நூறாண்டுக்கு மேல் இருந்தது. பையன் முழு நினைவோடு கிடக்க, ஏறக்குறைய அரை மணி நேரம் ஆபரேஷன் நடந்தது. உள்ளே இறங்கிக் கிடந்தது குடல்வால். அதைத் துளைத்தபடி, மேலெல்லாம் கல்லாக உறைந்துபோன ஒரு குண்டூசி நின்றது. ஆம்யாண்ட் குடல்வாலைக் கட்டி அறுத்தார். பையன் பிழைத்துக்கொண்டான்.

பதிவான முதல் குடல்வால் ஆபரேஷன் அதுதான். ஆனால் பழி முழுக்க குண்டூசியின் மேல் விழுந்தது. எந்த ஊசியும் இல்லாமலே அந்தச் சின்ன உறுப்பு சீழ் பிடித்து வெடித்து ஆளைக் கொல்லும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. 113 ஆண்டுகள் கழித்து அதே லண்டனில் இன்னொரு வயிறு இன்னொரு மருத்துவரின் பொறுமையைச் சோதித்தது. இந்த முறை அது ஒரு கர்ப்பிணியின் வயிறு.

1848. அவளுக்கு வயது 30, எட்டாம் மாதம். பிரசவம் முந்திக்கொண்டது. வயிற்றின் வலப்பக்கம் கட்டி தெரிந்தது, வலியும் காய்ச்சலும் ஆளை உருக்கின. அந்தக் காலத்து வைத்தியம் அபினும் அட்டையும் ஒத்தடமும்தான். வயிற்றைத் திறப்பது கொலைக்குச் சமம் என்று மருத்துவர்களே நம்பினார்கள். சாரிங் க்ராஸ் மருத்துவமனையின் ஹென்றி ஹான்காக் அந்த நம்பிக்கையை மீறினார். குளோரோஃபார்ம் புழக்கத்துக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதைக் கொடுத்துக் கட்டியைக் கீறினார். நாற்றமெடுத்த சீழ் கொட்டியது. பிறகு காயத்தின் வழியே சிறு கல் போல இறுகிய மலக்கட்டிகள் வெளியே வந்தன. அவள் எழுந்து நடந்தாள்.

ஹான்காக் லண்டன் மருத்துவர் சங்கத்தில் இதை விவரித்து, இப்படிப்பட்ட நோயாளிகள் சாகும்வரை காத்திருக்க வேண்டாம், முன்னதாகவே கீறிவிடலாம் என்றார். சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். யாரும் செய்யவில்லை. அதற்கு ஒரு பழைய பாவம் காரணம். 1827-லேயே பாரிஸில் மேலியே என்ற மருத்துவர் குற்றவாளி குடல்வால்தான் என்று கை காட்டியிருந்தார். அன்றைய பிரெஞ்சு அறுவை உலகின் சக்கரவர்த்தி துப்யூத்ரான் அதை ஏற்கவில்லை. கோளாறு பெருங்குடலின் முனையில் என்றார் அவர். பெரியவர் சொன்னதால் அறுபது ஆண்டுகள் உலகமே தவறான உறுப்பைத் திட்டிக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்தவர் உயிருள்ளவர் மேல் கத்தியே வைக்காத ஒருவர்.

பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் நோய்க்கூறு பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ். பிணங்களைத் திறந்து சாவின் காரணத்தைத் தேடுவது அவர் வேலை. வயிற்றில் சீழ் பரவிச் செத்தவர்களின் பதிவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் ஓட்டை குடல்வாலில்தான் இருந்தது. 1886-இல் அவர் நோய்க்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயர் வைத்தார், கையோடு மருந்தையும் சொன்னார்: சீக்கிரம் அறுத்து எடுப்பது. மூன்று ஆண்டுகளில் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்புக்கும் நடுவே விரல் வைத்து, வலியின் மையப்புள்ளி இதுதான் என்று அடையாளம் காட்டினார். அந்தப் புள்ளி இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. இருந்தும் பொதுமக்களின் பயம் தெளிய ஒரு ராஜாவுக்கே வயிறு வலிக்க வேண்டியிருந்தது.

1902 ஜூன் 26 அன்று ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. உலகெங்குமிருந்து விருந்தினர் லண்டனில் குவிந்திருந்தார்கள். ராஜாவுக்கோ வலது அடிவயிற்றில் கட்டி. விழா முடியட்டும் என்று அடம்பிடித்தவரை அறுவை மருத்துவர் ஃப்ரெடரிக் ட்ரீவ்ஸ் வற்புறுத்திப் பணிய வைத்தார். ட்ரீவ்ஸின் கைக்கு ஒரு சொந்தச் சுமை இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகளே இதே நோயில் இறந்திருந்தாள். ஜூன் 24 அன்று அரண்மனையிலேயே சீழைக் கீறி வடித்தார், குடல்வாலைத் தொடவில்லை. ஆகஸ்ட் 9 அன்று ராஜா நடந்துபோய் முடி சூடிக்கொண்டார். அதன்பிறகு குடல்வால் ஆபரேஷன் கௌரவமான விஷயமாகிவிட்டது. கௌரவம் எல்லோருக்கும் கிடைத்தது, கர்ப்பிணிகளைத் தவிர.

கர்ப்பிணியின் வயிறு ஏமாற்றும் வயிறு. குமட்டலும் வாந்தியும் குடல்வால் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் அடங்கும்; கர்ப்பத்தில் அவை அன்றாடம். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் கூடினால் உள்ளே சீழ் என்று பொருள். கர்ப்பத்தில் அவை தாமாகவே கூடும். வீங்கிய குடல்வால் வயிற்றுச் சுவரை உரசினால்தான் தசை விறைத்து மருத்துவரின் விரலுக்குத் தகவல் சொல்லும். வளரும் கருப்பையோ சுவரை முன்னே தள்ளிக் குடல்வாலிலிருந்து விலக்கிவிடும். வெடித்தால் சுற்றி வளைத்துச் சீழைக் கட்டிப்போட வேண்டிய கொழுப்புத் திரையையும் கருப்பை ஒதுக்கிவிடுவதால் சீழ் வயிறு முழுக்கப் பரவும். சூடு என்றும் வாயு என்றும் பொய்வலி என்றும் சொல்லி இரண்டு நாள் கடத்திவிட்டால், மூன்றாம் நாள் இரண்டு உயிருக்கும் ஆபத்து. கத்தி வைத்தால் பிரசவ வலி கிளம்பிவிடுமோ என்ற பயத்தில் மருத்துவரும் அந்த இரண்டு நாளுக்குத் தலையாட்டினார். 1908-இல் ஒருவர் இந்தத் தலையாட்டலின் கணக்கைப் பார்த்தார்.

செயின்ட் லூயிஸ் நகரத்து எட்மண்ட் பாப்லர், மருத்துவ இதழ்களில் சிதறிக் கிடந்த கர்ப்பிணிகளின் கேஸ்களைத் தேடித் திரட்டினார். குடல்வால் வெடித்த பிறகு மேசைக்கு வந்தவர்களின் முடிவுகள் படிக்கவே கூசுபவை. கர்ப்பிணிகளைக் கொல்வது நோயல்ல, அதற்காகக் காத்திருந்த நேரம் என்ற முடிவுக்கு வந்தார் பாப்லர். அவர் வாக்கியம் ஒரு நூற்றாண்டு முழுக்க மகப்பேறு நூல்களில் ஓதப்பட்டது. சந்தேகம் வந்தால் திற என்பது விதியானது. நல்ல விதிதான். அதற்குள் ஒரு கண்ணி ஒளிந்திருந்தது, அது தெரிய 99 ஆண்டுகள் ஆயின.

அதற்குமுன் இன்னொரு சிக்கல். திறப்பது சரி, எங்கே திறப்பது? 1932-இல் சிகாகோவில் பேயர், ரைஸ், அரென்ஸ் என்ற மூவர் நோயே இல்லாத கர்ப்பிணிகளுக்கு பேரியம் கொடுத்து மாதாமாதம் எக்ஸ்ரே எடுத்தார்கள். இன்று எந்த மருத்துவக் குழுவும் அனுமதிக்காத காரியம். கருப்பை வளர வளரக் குடல்வால் மேலே ஏறுகிறது, கடைசி மாதங்களில் ஈரல் பக்கம்வரை போகிறது என்றது அவர்கள் படம். பாடநூல்கள் அதை அப்படியே வரைந்துகொண்டன. எழுபது ஆண்டுகள் கழித்து வந்த ஆய்வுகள், பெரும்பாலான பெண்களுக்கு அது அவ்வளவு தூரம் ஏறுவதில்லை, வலியும் பெரும்பாலும் அதே வலது அடிவயிற்றில்தான் என்று காட்டின. அதுவரை எத்தனை கீறல்கள் இடம் மாறி விழுந்தனவோ. இதற்கிடையில் கத்திக்கு மாற்று ஒன்று கடலுக்கடியில் உருவாக ஆரம்பித்திருந்தது.

1942 செப்டம்பர் 11. சீட்ராகன் என்ற அமெரிக்க நீர்மூழ்கி எதிரியின் கடலில் மூழ்கி இருந்தது. டேரல் ரெக்டர் என்ற 19 வயது மாலுமிக்குக் குடல்வால் வலி. கப்பலில் டாக்டர் இல்லை. வீலர் லைப்ஸ் என்ற இளம் மருந்தாளர்தான் இருந்தார். சமையலறைக் கரண்டிகளை வளைத்துக் காயத்தை விரித்துப் பிடிக்கும் கருவியாக்கினார்கள். தேநீர் வடிகட்டி ஈதர் முகமூடியானது. டார்ப்பிடோவுக்கான ஆல்கஹாலில் கருவிகளைக் கழுவினார்கள். ரெக்டர் பிழைத்தான். (இரண்டு ஆண்டுகள் கழித்து டாங் என்ற வேறொரு நீர்மூழ்கியில், அந்தக் கப்பலே ஏவிய டார்ப்பிடோ திரும்பி வந்து தாக்கியதில் அவன் இறந்தது விதியின் குரூரம்.) பத்திரிகைகள் கொண்டாடின. கடற்படை மருத்துவ மேலிடம் நடுங்கியது. ஒவ்வொரு மருந்தாளரும் கரண்டியை வளைக்க ஆரம்பித்தால்? டாக்டர் இல்லாத கப்பலில் கத்தி கூடாது, மருந்தால் வலியை அடக்கிக் கரை சேர்ப்பதே வழி என்ற எண்ணம் வலுத்தது. அந்த மருந்துகளில் மிக முக்கியமான ஒன்றின் விதை மூன்று ஆண்டுகளில் ஒரு சாக்கடையில் கிடைத்தது.

இத்தாலியின் சார்தீனியா தீவு, கால்யாரி துறைமுகம், 1945. போரில் சிதைந்த ஊர். நகரத்துச் சாக்கடை நேராகக் கடலில் கலந்தது. அந்தத் தண்ணீரில் இளைஞர்கள் குளித்தார்கள், மற்ற இடங்களைப் போல டைஃபாய்டு அவர்களைப் பிடித்து உலுக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் சுகாதாரப் பேராசிரியராக இருந்த ஜுசெப்பே ப்ரொட்ஸு இதைக் கண்டு வியந்தார். சாக்கடை கடலில் விழும் இடத்திலேயே தண்ணீரை மொண்டு வந்து வளர்த்துப் பார்த்தார். ஒரு பூஞ்சை தன்னைச் சுற்றியிருந்த கிருமிகளையெல்லாம் அழித்துக்கொண்டிருந்தது. பணமில்லை, ஆய்வகம் பெயருக்குத்தான். வடித்த சாற்றை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பலன் தெரிந்தது. எந்த மருந்துக் கம்பெனியும் சீந்தவில்லை. 1948-இல் உள்ளூரில் தாமே அச்சிட்ட ஒரு வெளியீட்டில் எழுதிவைத்தார். இந்தக் கதை அங்கேயே புதைந்திருக்கலாம்.

அவருக்குத் தெரிந்த ஒரு பிரிட்டிஷ் சுகாதார அதிகாரி வழியாகப் பூஞ்சை ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்தது. பென்சிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியின் கூடம் அது. எட்வர்ட் ஏப்ரஹாமும் கை நியூட்டனும் ஆண்டுக்கணக்கில் போராடி, 1950-களின் நடுவில் அதிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பொருளைப் பிரித்தார்கள். பென்சிலினை உடைத்துவிடும் கிருமிகள் இதனிடம் தோற்றன. 1964-இல் முதல் செஃபலோஸ்போரின் ஊசி விற்பனைக்கு வந்தது. பின்னாளில் கர்ப்பத்தில் கொடுக்கப் பயப்பட வேண்டாத ஆன்டிபயாடிக்குகளின் வரிசையில் இந்தக் குடும்பத்துக்கு முதல் பந்தியில் இடம் கிடைத்தது. அதே 1950-களில் இங்கிலாந்தில் எரிக் கோல்ட்ரி என்ற அறுவை மருத்துவர் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்: கத்தியைக் கீழே வைத்தார்.

குடல்வால் அழற்சியோடு வந்த 471 பேருக்கு அவர் ஆபரேஷனுக்குப் பதில் அன்றைய ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்துப் பார்த்தார். 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். பெரும்பாலானோர் குணமானார்கள், சாவு மிகச் சொற்பம், சிலருக்கு வலி திரும்பி வந்தது. அறுவை உலகம் புன்னகைத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியது. மயக்க மருந்தும் ரத்தம் ஏற்றுவதும் சுத்தமும் கூடி, குடல்வால் ஆபரேஷன் அதற்குள் சர்வசாதாரணமாகியிருந்தது. அரை மணியில் முடியும் வேலையை ஊசி போட்டு ஏன் இழுக்க வேண்டும்? கோல்ட்ரி மறக்கப்பட்டார். அவரைத் தோண்டி எடுக்கும்வரை கத்தியே இன்னும் சின்னதாகிக்கொண்டு போனது.

அதைச் சின்னதாக்கியவர் பொது அறுவை மருத்துவர் அல்ல, மகப்பேறு மருத்துவர். ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் ஸெம், வயிற்றுக்குள் வாயுவை நிரப்பித் துளை வழியே தொலைநோக்கியை நுழைத்துப் பெண்களுக்கு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். இந்த மனிதருக்கு மூளையில் ஏதோ கோளாறு என்று கூட வேலை பார்த்தவர்களே ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவரும் போய் எடுத்துக்கொண்டார், மூளை நன்றாகவே இருந்தது. 1980 செப்டம்பரில் அதே துளைகள் வழியே ஒரு குடல்வாலை அகற்றினார். அவ்வளவுதான், ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத் தலைவர் இவரைத் தொழிலிலிருந்து இடைநீக்கம் செய்யக் கடிதமே எழுதினார். பத்தாண்டுகளில் உலகமே ஸெம் வழிக்கு வந்தது. இருந்தும் லாப்ராஸ்கோப்பி எனப்படும் இந்தத் துளைவழி முறையின் பாடங்களில் ஒரு எச்சரிக்கைப் பலகை தொங்கியது: கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

பயத்தில் நியாயம் இருந்தது. கண்ணை மூடிக் குத்தும் முதல் ஊசி கருப்பையைத் துளைத்துவிட்டால்? நிரப்பும் கார்பன் டை ஆக்ஸைடு தாயின் ரத்தத்தில் ஏறிக் குழந்தையை வாட்டினால்? வாயுவின் அழுத்தம் கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தால்? 1990-இல் ஷ்ரைபர் என்ற மருத்துவர் கர்ப்பிணிகளுக்கு லாப்ராஸ்கோப் மூலம் குடல்வால் எடுத்ததை எழுதினார். பலகை மெல்ல ஆட ஆரம்பித்தது. அதே ஆண்டில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா இந்தியாவின் முதல் லாப்ராஸ்கோப்பிப் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். தமிழ்நாட்டில் அந்தக் கலையைக் கையில் எடுத்தவர் கோயம்புத்தூரில் இருந்தார்.

அவர் டாக்டர் சி. பழனிவேலு. அவருடைய ஜெம் மருத்துவமனையிலிருந்து 2006-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. ஏழே கர்ப்பிணிகள், ஏழு பேருக்கும் லாப்ராஸ்கோப் மூலம் குடல்வால் அகற்றிய அனுபவம். அனுபவமுள்ள கைகளில் இது பாதுகாப்பானது என்றது அந்தக் கட்டுரை. ஏழு என்பது சின்ன எண். ஆனால் கர்ப்பம் என்றாலே வயிற்றைத் தொடப் பயந்த ஊர்களில், அமெரிக்காவில் நடந்தது என்று கேட்பதும் கோயம்புத்தூரில் நடந்தது என்று கேட்பதும் ஒன்றல்ல. அதே 2006-இல் இன்னொரு கதை சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் வேகம் பிடித்தது.

ராமானுஜர் பிறந்த ஊர் என்று பக்தர்கள் கோயிலுக்கு வந்துபோன ஸ்ரீபெரும்புதூர், பத்தாண்டுகளில் ஆளே மாறியிருந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் சான்ட்ரோ உருண்டது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்து ஆயிரக்கணக்கான இளம்பெண்களை வேலைக்கு எடுத்தது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிஸானும் 2012-இல் டைம்லரும் வந்தன. நோக்கியா 2014-இல் மூடியது. அந்த வெற்றிடத்தை நிரப்பியது போல சுங்குவார்சத்திரம் பக்கம் ஐஃபோன் வேலை பெருகியது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டித் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள், பெரும்பாலும் பெண்களுக்கு. இருபதுகளில் இருக்கும் பெண்கள் இவ்வளவு பேர் ஒரே தடத்தில் குவிந்த இடம் தமிழ்நாட்டில் அபூர்வம். குடல்வால் நோய் அதிகம் வருவதும் பத்திலிருந்து முப்பது வயதுக்குள்தான். ஏறக்குறைய ஆயிரம், இரண்டாயிரம் கர்ப்பங்களில் ஒன்றில் அது தலைகாட்டும். இந்தத் தடம் கார்களையும் ஃபோன்களையும் மட்டும் செய்யவில்லை என்பதுதான் விசேஷம்.

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டிலேயே ஆர்க்கிட் கம்பெனியின் ஊசி மருந்து ஆலை இருந்தது. 1990-களில் சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெருமையே செஃபலோஸ்போரின்தான். கால்யாரி சாக்கடையில் ப்ரொட்ஸு மொண்ட பூஞ்சையின் வாரிசுகள் இங்கே குப்பிகளாகிக் கப்பல் ஏறின. 2010-இல் அமெரிக்க ஹோஸ்பிரா இந்த ஆலையை வாங்கியது. 2015-இல் ஹோஸ்பிராவை ஃபைஸர் வாங்கியது. நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ்ஸில் போன பெண்களில் யாருக்கும், அந்த மதிலுக்குள் என்ன தயாராகிறது என்று யோசிக்கத் தேவை இருந்திருக்காது. யோசிக்க வேண்டியவர்கள், அந்த ஆலை கைமாறும் முன்பே கலிஃபோர்னியாவில் ஒரு கணக்கைப் பார்த்துத் திகைத்திருந்தார்கள்.

பாப்லரின் விதிக்குள் ஒளிந்திருந்த கண்ணி 2007-இல் வெளியே வந்தது. மெக்கோரி என்பவரும் கூட்டாளிகளும் கலிஃபோர்னியாவில் குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்ட 3,133 கர்ப்பிணிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். அவர்களில் 23 சதவீதம் பேருக்குக் குடல்வாலில் நோயே இல்லை. சந்தேகத்தின் பேரில் திறந்து, நல்ல குடல்வாலை எடுத்திருக்கிறார்கள். அது பரவாயில்லை, ஒரு தழும்போடு போகட்டும் என்றுதான் நூறாண்டாகச் சொல்லி வந்தார்கள். பரவாயில்லை என்று விட முடியாது. சாதாரண அழற்சிக்கு ஆபரேஷன் செய்தவர்களில் 2 சதவீதம் பேர் கருவை இழந்தார்கள். நோயே இல்லாமல் வயிறு திறக்கப்பட்டவர்களில் 4 சதவீதம் பேர் இழந்தார்கள், குறைமாதப் பிரசவமோ 10 சதவீதம். வெடித்துச் சிக்கலானவர்களின் எண்களுக்கு அது வெகு தூரமில்லை. காத்திருந்தாலும் ஆபத்து, அவசரப்பட்டாலும் ஆபத்து என்றால் கத்தி எந்தப் பக்கம் நிற்பது?

விடை வயிற்றைத் திறக்காமலே உள்ளே பார்ப்பதில் இருந்தது. 1986-இலேயே நெதர்லாந்தின் பைலார்ட், அல்ட்ராசவுண்ட் முனையால் வயிற்றை மெல்ல அழுத்தி வாயுவை விலக்கி, வீங்கிய குடல்வாலைத் திரையில் காட்டியிருந்தார். கருப்பை பெரிதான பின் அதில் பல நேரம் எதுவும் தெரியாது. 2006-இல் பாஸ்டன் மருத்துவர்கள் கர்ப்பிணிகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு இல்லை, நரம்பில் ஏற்றும் சாய மருந்தும் வேண்டாம், படம் தெளிவு. முதலில் அல்ட்ராசவுண்ட், தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ., பிறகுதான் கத்தி என்ற வரிசை உருவானது. இந்த நேரம் பார்த்து, மறக்கப்பட்ட கோல்ட்ரியின் கேள்வி திரும்பி வந்து கதவைத் தட்டியது.

2015-இல் ஃபின்லாந்தில் பவுலினா ஸால்மினென் குழு 530 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷனும் மறு பாதிக்கு ஆன்டிபயாடிக்கும் கொடுத்தது. மருந்துப் பக்கம் வந்தவர்களில் ஓராண்டுக்குள் 27 சதவீதம் பேருக்குத்தான் கத்தி தேவைப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் அது 39 சதவீதமானது. 2020-இல் அமெரிக்காவில் 1,552 பேரோடு நடந்த கோடா ஆய்வும் அதே திசையில் பேசியது: 90 நாளில் பத்தில் ஏழு பேர் கத்தி இல்லாமல் தப்பினார்கள். கொரோனா காலத்தில் ஆபரேஷன் தியேட்டர்கள் மூடிக் கிடந்தபோது பல ஊர் மருத்துவமனைகள் இந்த ஆய்வுகளை நம்பித்தான் மூச்சுவிட்டன. குப்பி வென்றுவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் இந்த ஆய்வுகளின் விதிமுறைகளில் ஒரு வரி இருந்தது: கர்ப்பிணிகள் சேர்க்கப்பட மாட்டார்கள்.

குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற அக்கறைதான் அந்த வரிக்குக் காரணம், மறுக்க முடியாது. விளைவு என்னவோ விநோதம். விடை யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கு மட்டும் விடை இல்லை. கிடைத்தவை பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகள்தான். 2014-இல் 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கக் கர்ப்பிணிகளின் பதிவுகளை அலசியபோது, ஆபரேஷன் இல்லாமல் வைத்திருந்த சிறு கூட்டத்தில் சீழ் பரவுதலும் ஷாக்கும் கூடுதலாகத் தெரிந்தன. மருந்து தோற்று அதன்பின் கத்திக்குப் போனவர்களின் நிலைமை இன்னும் மோசம் என்றன பின்னால் வந்த பதிவுகள். வலி திரும்பினால் மற்றவர் மறுபடி வரலாம். ஏழாம் மாதத்தில் திரும்பினால் அந்தச் சூதாட்டம் வேறு. பாப்லர் இந்த இடத்தில் பாதி ஜெயித்தார். உறுதி செய்துகொள்ளாமல் திறக்காதே, உறுதியானால் தாமதிக்காதே என்பதாக அவர் விதி திருத்தி எழுதப்பட்டது. குப்பியோ தோற்கவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை.

ஒரகடத்தில் ஷிஃப்ட் முடித்துப் பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கு ஐந்தாம் மாதத்தில் இந்த வலி வந்தால் இன்று நடப்பதில் இத்தனை பேரின் கையும் இருக்கிறது. முதலில் வாயு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஓமத்திரவம் உள்ளே போகும். 500-க்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் ஆலையில் சட்டப்படி முதலுதவிக்கென ஓர் அறையும் நர்ஸும் டாக்டரும் உண்டு. நாலைந்து மணி நேரமாக வலி விடாமல் வலப்பக்கமே நின்றால் 108. கர்ப்பத்தைப் பதிந்த பிக்மி எண்ணும் தாய் சேய் நலப் புத்தகமும் கையில் இருந்தால், போகிற இடத்தில் மாதக் கணக்கைக் கேட்டு நிற்க வேண்டாம். போகிற இடம் மட்டும் முக்கியம்: அறுவை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க வேண்டும். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் அது கிடைக்கும்.

அங்கே முதலில் வருவது குப்பி. ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினியத் தகடு, உள்ளே வெள்ளைப் பொடி. நர்ஸ் டிஸ்டில்ட் வாட்டரை ஏற்றிக் குலுக்குவார், பொடி கரைந்து வெளிர் மஞ்சளாகும். முன்கைத் தோலில் ஒரு துளி டெஸ்ட் டோஸ், தடிப்பு வரவில்லை என்றால் நரம்பில் மெதுவாக முழு அளவு. அது பெரும்பாலும் செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்து, துணைக்கு மெட்ரோனிடசோல். கத்திக்குப் பதிலாக அல்ல, கத்திக்கு முன்னால். ஸ்கேன் முடிந்ததும் தியேட்டர். மேசையில் அவளை நேராகக் கிடத்த மாட்டார்கள். வலது இடுப்புக்குக் கீழே ஒரு திண்டு, மேசையே இடப்பக்கம் சாயும். இல்லாவிட்டால் கருப்பையின் கனம் முதுகோடு ஓடும் பெரிய ரத்தக் குழாயை அமுக்கி, தாய்க்கு ரத்த அழுத்தம் விழும், குழந்தைக்கு ரத்தம் குறையும். முதல் துளை கண்ணை மூடிக் குத்துவதல்ல. கருப்பை எவ்வளவு உயரம் என்று தொட்டுப் பார்த்து, அதற்கு மேலே தோலைக் கீறி, பார்த்தபடியே திறப்பது. வாயுவின் அழுத்தத்தைக் குறைவாகவே வைப்பார்கள், 10 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள். குழந்தையின் இதயத் துடிப்பை முன்னும் பின்னும் கேட்டுக் குறிப்பார்கள். ஸெம்மை இடைநீக்கம் செய்யச் சொல்லவைத்த அதே துளைகள் மூன்று. கருப்பை ரொம்பவே பெரிதாகிவிட்ட கடைசி மாதங்களில், அல்லது கருவி இல்லாத இடத்தில், பழைய வழியில் திறந்தும் எடுப்பார்கள், அதுவும் தப்பல்ல. தப்பு நாளைக்குப் பார்க்கலாம் என்பதுதான்.

அந்தக் குப்பி இருங்காட்டுக்கோட்டையின் அந்த ஊசி மருந்து ஆலையில் இருந்து வந்ததாக மட்டும் இனி இருக்காது. மருந்துக்கான தேவை நீண்ட காலத்துக்குக் குறைந்துவிட்டது என்று சொல்லி, 2019 ஜனவரியில் ஃபைஸர் அந்த ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது.

பொதுவாக இரண்டு மூன்று நாளில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அடுத்த செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப் பரிசோதனைக்கு வரச் சொல்லி. வேலைக்கு எப்போது திரும்புவது என்பதில்தான் பெரும்பாலும் குழப்பம். ஆபரேஷனுக்கு லீவு எடுத்தால் பிரசவ லீவு கரைந்துவிடும் என்று பயந்து, தையல் காயுமுன் லைனில் போய் நிற்பவர்கள் உண்டு. அப்படிக் கரையாது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தமும் முறையாகப் போயிருந்தால், இந்த ஓய்வு நோய்க்கால உதவித்தொகைக் கணக்கில் சேரும்: கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. பிரசவத்துக்கான 26 வாரம் தனிக் கணக்கு.